பச்சோந்தி தின்ற மண்

எங்கள் வீட்டில் ஒன்பது நாள் ஒரு பச்சோந்தி இருந்தது. அதில் ஏழு நாள் நான் வயிற்றைச் சுற்றி அப்பாவின் துண்டைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. பயத்துக்குக் காரணம் இருந்தது, காரணத்துக்கு ஆதாரமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக என் அம்மாவின் உயிர் அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பெண்ணாடம் பக்கம் கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்பது அவருடைய கொள்கை. கையில் என்ன இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவருக்குக் கொள்கை எதுவும் கிடையாது. ஒரு தடவை அரை மூட்டை பூசணிக்காய் வந்தது, இன்னொரு தடவை யாரோ கழற்றிப் போட்ட டிராக்டர் சீட்டு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பை ஒன்றை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார். முந்திரித் தோப்பு ஓரமாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்ததாம். இந்த வேகத்தில் போனால் அந்தப் பக்கம் சேருவதற்குள் பத்து பஸ்ஸு ஏறிவிடும் என்று தூக்கிக்கொண்டாராம்.

பைக்குள் துடைப்பக் கட்டையை நீட்டியதும் அது மெதுவாகப் பற்றிக்கொண்டு வெளியே வந்தது. விரல்கள் இடுக்கி மாதிரி இரண்டு பக்கமும் கவ்வின. ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் முன்னும் பின்னும் நாலு தடவை ஆடியது, வைக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல. ஒரு கண் என்னைப் பார்த்தது. இன்னொரு கண் அதே நேரத்தில் அண்ணனைப் பார்த்தது. அண்ணன் எட்டாம் வகுப்பு, உலகத்தில் தெரியாத விஷயம் இல்லை என்று நினைப்பு. அவனே ஒரு எட்டு பின்னால் போனான். அதனாலேயே எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது.

அழுதேன், தரையில் உருண்டேன், கடைசியில் சம்மதம் வாங்கினேன். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். பேசினால் தீர்ப்பு மாதிரி இருக்கும். "நீதான் பாத்துக்கணும். பட்டினி கெடந்து செத்துச்சுன்னா அந்தப் பாவம் உன்னையத்தான் சேரும்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். காட்டுப் பிராணியை வீட்டில் அடைத்து வைப்பதே சட்டப்படி குற்றம் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பயப்பட இன்னும் ஒரு விஷயம் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

கோழி கவிழ்க்கிற மூங்கில் கூடை ஒன்று சும்மா கிடந்தது. அதில் முருங்கைக் குச்சியைக் குறுக்கே செருகி, பச்சோந்தியை ஏற்றி, முன்னறையின் மூலையில் வைத்தோம். அம்மா வேலை செய்கிற இடம் அதற்கு நேர் எதிரே.

அம்மாவுக்கு வேலை வீட்டிலேயேதான். கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. பீங்கான் கம்பெனியில் அச்சிலிருந்து எடுத்து உலர்த்திய அகல் விளக்குகள், இன்னும் சூளைக்குப் போகாத வெள்ளை மண் விளக்குகள், பலகை பலகையாக எங்கள் வீட்டுக்கு வரும். ஓரத்தில் நிற்கும் பிசிறைப் பிளேடால் சீவி, ஈரப் பஞ்சால் தடவி வழவழப்பாக்கி அம்மா திருப்பி அனுப்புவாள். உடைகிற சில்லெல்லாம் ஒரு வாளியில் விழும், மறுபடி கரைத்து ஊற்றுவதற்குக் கம்பெனிக்கே போகும். அந்தச் சுடாத மண்ணை நாக்கில் வைத்தால் சப்பென்று ஒட்டிக்கொண்டு முதல் மழை வாசம் வரும். எங்கள் தெருவில் அதை நக்கிப் பார்க்காத பிள்ளை கிடையாது. அதனால்தான் பின்னால் நடந்தது எதுவும் எனக்கு அதிசயமாகப் படவில்லை.

முதல் இரண்டு நாள் பச்சோந்தி வாயையே திறக்கவில்லை. அண்ணன் கரப்பான் பூச்சி பிடித்துப் போட்டான். அது கூடை இடுக்கு வழியாக அடுப்படிக்குப் போய்க் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது. நான் தயிர் சோறு வைத்தேன். அப்பா யாரும் பார்க்காதபோது நாலு மிக்சர் போட்டுப் பார்த்தார். தண்ணீர்க் கிண்ணத்தை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தெருவே வந்து கூடையைச் சுற்றி உட்கார்ந்து உச்சுக்கொட்டியது. வரும்போது பசேலென்று இருந்த பிராணி அடுப்புக்கரி மாதிரி கறுத்துப்போய்க் குச்சியோடு குச்சியாக ஒட்டிக் கிடந்தது. சாப்பிட்டுதா, சாப்பிட்டுதா என்று காலையில் எழுந்ததும் ஒரு கேள்வி, வேலைக்குப் போகும்போது ஒரு கேள்வி, வந்ததும் ஒரு கேள்வி.

அம்மாதான் எங்களை விரட்டினாள். "நாலு பேரு வாயையே பாத்துட்டு இருந்தா யாருக்குத்தான் எறங்கும்? போங்க அந்தாண்ட!" என்று பழைய புடவை ஒன்றைக் கூடையின் பாதிக்குப் போர்த்தினாள். கறிவேப்பிலைக் கொத்தைக் கழுவி, உதறாமல், ஈரத்தோடு உள்ளே வைத்தாள். தினமும் காலையில் அப்படி ஒரு கொத்து வைப்பாள். அம்மா சாப்பிட்டு நாங்களும் பார்த்ததில்லை. எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு அப்புறம் சாப்பிடுவாள் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஸ்கூலிலிருந்து வந்த அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். முகத்தை ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி வைத்துக்கொண்டான். அது பட்டினி கிடக்கவில்லை என்றான். அது குடித்துக்கொண்டிருக்கிறது என்றான். "ஓணான் தூரத்துல இருந்தே தொப்புள் வழியா ரத்தத்த உறிஞ்சும், தெரியும்ல? ஓணானே அப்படின்னா இது அதுக்குப் பெரியப்பாடி."

ஓணான் சங்கதி எனக்கும் தெரியும். வேலியில் ஓணான் தலையாட்டினால் நாங்கள் எல்லோரும் சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டுதான் ஓடுவோம். ஆனால் அதன் பெரியப்பாவை நானே அழுது புரண்டு வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. அன்றைக்குக் கட்டியதுதான் அந்தத் துண்டு. விரட்டிவிடலாமா என்று கேட்டேன். விரட்டினால் ஆத்திரத்தில் வெளியிலிருந்தே மொத்தத்தையும் உறிஞ்சிவிடும் என்றான் படுபாவி. சொன்னவனே அன்றைக்கு ராத்திரி குப்புறப் படுத்துத்தான் தூங்கினான்.

மறுநாள் அம்மா விளக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். பலகை சாய்ந்து ஒரு வரிசை விளக்கு நொறுங்கியது. அப்பா ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், நானும் தொற்றிக்கொண்டேன். டாக்டரம்மா அம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். சீட்டு வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, "ஒடம்புல இருக்க வேண்டிய ரத்தத்துல பாதிதாங்க இருக்குது. இப்படியே விட்டீங்கன்னா உயிருக்கே ஆபத்து," என்றார்.

பாதி! ஆட்டோவில் திரும்பி வரும்போது விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பச்சோந்தி வந்து மூன்று நாளில் பாதி என்றால் இன்னும் மூன்று நாளில் என்ன ஆகும் என்று நாலாம் வகுப்புக் கணக்குக்கே தெரியும். வீட்டுக்குள் ஓடிப்போய்க் கூடையை எட்டிப் பார்த்தேன். கறுத்த தோலில் கருஞ்சிவப்பாகப் புள்ளி புள்ளியாகக் கிளம்பியிருந்தது. ஒரு கண் சுவரைப் பார்த்தது. இன்னொரு கண் நேராக அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

யாரிடம் சொல்வது? அப்பா என் தலையில் கட்டிவிட்டார். அம்மாவிடம் சொன்னால் பயத்திலேயே மீதிப் பாதியும் போய்விடும். அதனால் நானே காவல் நின்றேன். அம்மா பிசிறு சீவும்போது கூடைக்கும் அவளுக்கும் நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அவள் குனிந்து நிமிரும்போதெல்லாம் முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றை மூடினேன். "என்னாடி இது, கையை வச்சிக்கிட்டு சும்மா இருடி சனியனே," என்று இரண்டு தடவை தட்டிவிட்டாள். மூன்றாவது தடவை என்ன நினைத்தாளோ, என் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. எனக்கு அழுகை பீறிட்டு வந்தது, மண் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

பச்சோந்தியின் வயிற்றை எப்படியாவது நிரப்பிவிட வேண்டும், வயிறு நிறைந்தால் ரத்தம் கேட்காது. எனக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்தது. ஸ்கூலு விட்டதும் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற புல்லில் வெட்டுக்கிளி பிடித்து டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்து கூடைக்குள் விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வெட்டுக்கிளிகளைக் காணோம். தின்றுவிட்டது என்று குதித்தேன். எல்லாம் இடுக்கு வழியாக ஓடியிருக்கும் என்றான் அண்ணன். அவன் வாயில் நல்ல வார்த்தையே வராது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. காலையில் கூடைக்குப் பக்கத்தில் ஒரு உடைந்த விளக்கு கிடந்தது, நான் காலால் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தேன். இப்போது பார்த்தால் அதில் பாதியைக் காணோம். மீதியின் ஓரத்தில் கடித்த தடம்கூட இருந்தது. அவ்வளவு அகலப் பல் பச்சோந்திக்கு உண்டா என்று யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை. அதன் நாக்கு உடம்பு நீளத்துக்கு நீளும், இடுக்கு வழியாக வெளியே வரும் என்று அண்ணனே சொல்லியிருக்கிறான். மண்ணு! அது மண் தின்கிற பிராணி! இத்தனை நாள் தயிர் சோறு வைத்துக்கொண்டிருந்தோமே!

அம்மாவிடம் ஓடிச் சொன்னேன். பிளேடு அப்படியே நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். "ஆமாம், திங்கிது. நானும் பாத்தேன்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்பாகிட்ட சொல்லாத. சரக்கு கொறையுதுன்னு கம்பெனில கேப்பாங்க," என்றாள். என்னையும் அம்மாவையும் பச்சோந்தியையும் தவிர யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்று கிடைத்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பாடு வைக்க ஆரம்பித்தேன். விளிம்பு உடைந்த பீங்கான் தட்டு ஒன்றைக் கழுவி, கூடைக்கு வெளியே நாக்கு எட்டுகிற தூரத்தில் வைத்து, வாளியிலிருந்து நல்ல சில்லாகப் பொறுக்கி அடுக்குவேன். தடித்தது அதற்குக் கஷ்டம் என்று விளிம்பு விளிம்பாக, மெல்லிசாகப் பார்த்து எடுப்பேன். முதல் நாள் காலையில் நாலு சில்லு வைத்தேன், சாயங்காலம் ஒன்று இருந்தது, மறுநாள் அதுவும் இல்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். தின்னுதாம்மா என்பேன். தின்னுது என்பாள்.

ஆனால் அம்மா தேறவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வாந்தி எடுத்தாள். அடுப்படியிலிருந்து முன்னறைக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு விளக்கு மண் நிறத்துக்கு வந்துவிட்டது. இவ்வளவு தின்றும் அதற்குப் போதவில்லை, ரத்தமும் சேர்த்துத்தான் குடிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நாலு சில்லை எட்டாக்கினேன். கம்பெனிக்குப் பின்னால் மழையில் ஊறிக் கிடந்த குவியலிலிருந்து பாவாடையில் கட்டிக்கொண்டு வந்தும் வைத்தேன். எட்டும் காலியாயின. கூடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, போதும், இதைத் தின்னுட்டு எங்கம்மாவ விட்டுடு என்று கெஞ்சினேன். அது கண்ணை உருட்டிக் கூரையைப் பார்த்தது.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, காலையிலிருந்து மழை. ஸ்கூலு லீவு விட்டிருந்தார்கள். அம்மா விளக்கைக் கையில் வைத்துக்கொண்டே பக்கவாட்டில் சாய்ந்தாள். கூப்பிட்டால் பதில் இல்லை, கண் பாதி திறந்திருந்தது. அப்பா வாயில் போட்ட இட்லியைத் துப்பிவிட்டு ஓடிவந்தார். பக்கத்து வீட்டு அக்கா காலைப் பிடிக்க, அப்பா தோளைப் பிடிக்க, தார்ப்பாய் மூடிய ஆட்டோவின் பின்பக்கம் அம்மாவைக் கிடத்திக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்திக்கிட்டு உள்ளாரயே இருங்க என்று மட்டும் அப்பா சொன்னது காதில் விழுந்தது.

அண்ணன் மூலையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். எட்டாம் வகுப்பெல்லாம் போய்விட்டது, என்னைவிடச் சின்னப் பையனாக அழுதான். நான் கூடைக்கு முன்னால் நின்றேன். கையில் அம்மிக் குழவி. எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை. புடவையை இழுத்துப் போட்டுவிட்டுக் கூடையைத் தூக்கினேன். அது குச்சியில் இருந்தபடியே உடம்பைத் தட்டையாக்கி, வாயைப் பெரிதாகத் திறந்து என்னைப் பார்த்துச் சீறியது. அப்போதுதான் கவனித்தேன், அதன் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு கண்ணும் சேர்ந்து முதல் தடவையாக ஒரே இடத்தைப் பார்த்தன. அந்த இடம் நான்தான். என்னைப் பார்த்து அதற்கு அவ்வளவு பயம்.

குழவியைக் கீழே வைத்துவிட்டேன். முருங்கைக் குச்சியைக் கூடையிலிருந்து உருவி, ஒரு முனையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வயிற்றுத் துண்டை அழுத்திக்கொண்டு, மழையில் வெளியே போனேன். தெருவைத் தாண்டி, கம்பெனிச் சுவரைத் தாண்டி, ரயில் லைன் பக்கத்தில் இருக்கிற பூவரச மரம் வரைக்கும் கையை நீட்டியபடியே நடந்தேன். அம்மாவிடமிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. குச்சியைக் கிளையோடு சேர்த்துப் பிடித்தேன். அது யோசித்து, ஆடி, இன்னும் கொஞ்சம் யோசித்து, ஒரு வழியாகக் கிளைக்கு மாறியது. இலை நுனியில் சொட்டிக்கொண்டிருந்த மழைத் தண்ணீரை நக்க ஆரம்பித்தது. நக்கியது, நக்கியது, நிறுத்தவே இல்லை. பிறகு சடக்கென்று ஏதோ வாயிலிருந்து தெறித்துப் போய்த் திரும்பியது. இலைக்கடியில் ஒதுங்கியிருந்த ஈ ஒன்றைக் காணவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கழுத்தில் பச்சை ஏறியது. திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்துவிட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்து எங்கள் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அம்மா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். தலைமாட்டில் ரத்தப் பாக்கெட் ஒன்று தொங்கியது, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அங்கே அதை விட்டேன், இங்கே ரத்தம் திரும்பி வந்துவிட்டது. அம்மாவின் காதோரம் குனிந்து, "அத மரத்துல விட்டுட்டேம்மா. இனிமே உன் ரத்தத்த குடிக்காது," என்றேன். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிக்கப் போனாள், அது பாதியில் அழுகையாக மாறிவிட்டது. ஊசி குத்தாத கையால் என் வயிற்றைத் தடவி, அந்த ஈரத் துண்டின் முடிச்சை அவிழ்த்தாள்.

அப்போது நர்ஸம்மா ஒரு தாளோடு வந்து கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, மாத்திரை போடுகிறாயா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "மண்ணு, சாம்பல், பச்சரிசின்னு ஏதாச்சும் திங்கிற பழக்கம் இருக்குதாம்மா? வெக்கப்படாம சொல்லு. ரத்தம் கொறைஞ்சா அதயெல்லாம் நாக்கு கேக்கும். திங்கத் திங்க இன்னும் கொறையும்," என்றார்.

"அதெல்லாம் இல்லீங்க," என்றாள் அம்மா.

எனக்கு ஆஸ்பத்திரியில் ஏதாவது உதவி செய்ய வேண்டும் என்று இருந்தது. பச்சோந்திதான் போய்விட்டதே, இனி ரகசியம் எதற்கு? "எங்க வூட்ல பச்சோந்திதாங்க மண்ணு திங்கும். நான்தான் தட்டுல வைப்பேன். எட்டு வச்சாலும் எட்டும் தின்னுடும்," என்றேன்.

நர்ஸம்மா எழுதுவதை நிறுத்தினார். பச்சோந்தி பூச்சிதான் பாப்பா திங்கும், மண்ணு திங்காது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லீங்க, மண்ணுதான். எங்கம்மாவே பாத்திருக்காங்க. கேட்டுப் பாருங்க!"

யாரும் கேட்கவில்லை. அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, அம்மாவின் கையை எடுத்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. வேலை மண்தானே என்று நாங்கள் எல்லோரும் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைதான். அப்பா அந்தக் கையைக் கீழே வைக்கவே இல்லை. ரகசியத்தை உடைத்ததற்காக அம்மாவுக்கு என் மேல் கோபம், சரக்கு குறைந்ததற்காக அப்பாவுக்கு அம்மா மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு, நான் பயத்தோடு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா தேறி வந்துவிட்டாள், இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள். அதற்குப் பிறகு அப்பா தட்டில் கை வைக்கும் முன் அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார், அவள் வாயில் போடுகிற வரைக்கும் காத்திருந்தார். பச்சோந்தி இல்லாததால் அப்பாவுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். ஒன்பது நாள் ஒரு வீடே உட்கார்ந்து சாப்பிட்டுதா, சாப்பிட்டுதா என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியை யாரிடம் கேட்டிருக்க வேண்டுமோ அந்த ஆள் கூடைக்கு எதிரே உட்கார்ந்து பிசிறு சீவிக்கொண்டிருந்தாள் என்பது புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அவளுடைய ரத்தத்தை யாரும் உறிஞ்சவில்லை. தட்டைக் கழுவி, மெல்லிசாகப் பார்த்துப் பொறுக்கி, நாலும் எட்டுமாகச் சில்லை என் கையாலேயே அவளுக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.